பழைய துவக்கும் புதிய அரமும்

பிரித்தானிய அரசாங்கம் 2025 ஜூலையில் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று நாடுகளிலும் ஈயத் தோட்டாக்களின் விற்பனையும் பாவனையும் மூன்றாண்டுக் கால அவகாசத்தின் பின்னர் கட்டுப்படுத்தப்படும் என்பதே அதன் சாராம்சம். நூற்றுக்கு ஒரு வீதத்துக்கு மேல் ஈயம் கலந்த சன்னங்களுக்கு இனி இடமில்லை. நீர்ப்பறவைகளும் மண்ணும் நீர்நிலைகளும் ஈயத்தால் நஞ்சேறுகின்றன என்பது அரசு கூறிய காரணம். அக்காரணத்தோடு எனக்கு எந்தப் பிணக்கும் கிடையாது. டென்மார்க் இதனை 1996 இலேயே செய்து முடித்துவிட்டது. நான் இங்கு எழுத விரும்புவது அந்த அறிவித்தலின் ஒரு பக்கவிளைவைப் பற்றி. பிரித்தானிய வீடுகளின் இரும்பு அலுமாரிகளில் நூறு வயதைக் கடந்த இரட்டைக்குழல் துவக்குகள் பல பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் பலர் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கியுள்ளனர்: இந்தப் பழைய துவக்கை இன்றைய களிமண் தட்டுச் சுடுதலுக்கும் இன்றைய தோட்டாவுக்கும் ஏற்றவாறு மாற்றியமைக்கலாமா?

துவக்கு என்ற சொல்லைக் கண்டதும் எம்மவர் பலரின் முகம் சுளிக்கும் என்பதை நான் அறிவேன். எமது தலைமுறைக்கு அச்சொல்லின் பொருள் வேறு. அதை எழுதி எழுதியே எங்கள் பேனாக்கள் தேய்ந்தன. துப்பாக்கி, துவக்கு என்னும் இரு சொற்களுமே துருக்கிய மொழியிலிருந்து கைமாறி வந்தவை என்பார்கள். சொல் வந்த வழியே ஒரு பெரிய வரலாறு. எனினும், எவரையும் நோக்கி நீட்டப்படாத, பறக்கும் தட்டொன்றை உடைப்பதற்கு மட்டுமே எடுக்கப்படும் ஒரு துவக்கும் உலகில் உண்டு. அதனை ஆக்கிய கைவினைஞர்களின் திறமை, நாதஸ்வரம் செய்யும் ஆச்சாரியின் திறமைக்குச் சற்றும் குறைந்ததன்று. பழைய பொறிகள் மீதும் அவற்றைச் செய்த கைகள் மீதும் மதிப்புள்ள எவருக்கும் இந்தக் கேள்வி பொருட்படுத்தத் தக்கதே.

முதலில், நாம் பேசும் பொருள் எது என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். இரண்டு குழல்கள் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கும் பிரித்தானியத் துவக்கு, பேர்மிங்ஹாமிலும் லண்டனிலும் 19 ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் தன் முழு வடிவத்தை எய்தியது. வெஸ்ற்லி றிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அன்சனும் டீலியும் 1875 இல் காப்புரிமை பெற்ற பொறியமைப்பு இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. குழலைக் கீழ்நோக்கி மடிக்கும்போதே உள்ளிருக்கும் சுத்தியல்கள் தாமாகவே விறைத்துக் கொள்ளும் எளிய அமைப்பு அது. வழக்கமான 12 துளைத் துவக்கு ஆறரை இறாத்தல் அளவே இருக்கும். நாள் முழுவதும் வயல்வெளியில் தோளில் சுமந்து நடந்து, எப்போதாவது எழும் பறவையை நோக்கிக் கணப்பொழுதில் உயர்த்துவதற்கென்றே செய்யப்பட்டது அது. மெலிந்த முன்கட்டை, வளைவற்ற நேர்ப் பிடி, இரு குழல்களுக்கும் தனித்தனியாக இரண்டு விசைகள். தேவையற்ற மரம் ஓர் அவுன்ஸ் கூட அதில் இராது.

களிமண் தட்டு விளையாட்டு கேட்பதோ வேறு. களிமண் என்பது பெயரளவில்தான். இன்றைய தட்டு சுண்ணாம்புக் கற்பொடியும் கீலும் கலந்து வார்த்தது. விட்டம் 110 மில்லிமீற்றர், எடை 105 கிராம். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி 1880 இல் காப்புரிமை பெற்ற தட்டே இதன் மூதாதை. அதற்கு முன் கண்ணாடி உருண்டைகளை வீசிச் சுட்டார்கள். தட்டுச் சுடுதலில் ஒருவர் ஒரு காலைப் பொழுதுக்குள் 50, 100 தோட்டாக்களைத் தீர்த்துவிடுவார். மெல்லிய குழல்கள் கையால் தொட முடியாதபடி சுடேறும். இலேசான துவக்கின் ஒவ்வோர் உதைப்பும் தோளில் கணக்கெழுதும். இந்த விளையாட்டுக்கு ஏற்றது, ஒரு குழலின் மேல் மற்றொன்றை அடுக்கிய, எட்டு இறாத்தலை நெருங்கும் கனமான துவக்கு என்பதைச் சந்தை எப்போதோ தீர்மானித்துவிட்டது. ஜோன் பிறவுணிங் தன் வாழ்நாளின் கடைசியில் வடிவமைத்து, அவர் 1926 இல் மறைந்த பின்னர் பெல்ஜியத்தில் உற்பத்தியான மேல்கீழ்த் துவக்கு, அந்த வகையைச் சாதாரண மனிதனின் கைக்கு எட்டச் செய்தது. ஆகவே, பக்கவாட்டுத் துவக்கோடு தட்டுச் சுடுபவர் வெற்றிக்காக அதனை எடுப்பவர் அல்லர். அவர் பாட்டனின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்பவரைப் போன்றவர்.

இத்தகையோரிடையே இரண்டு கட்சிகள் உள்ளன. 'பழைய துவக்கில் ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது. செய்தவன் செய்தபடியே இருக்க வேண்டும்' என்பது ஒரு கட்சி. 'அது என்ன கோயில் விக்கிரகமா? இரும்பும் மரமும்தானே! குழல்வாயைக் கடைந்து, தோட்டா அறையை நீட்டி, இன்றைய துவக்காக ஆக்கிவிடு' என்பது மறு கட்சி. இரண்டையும் நான் ஏற்கவில்லை.

முதலாவது கட்சி வரலாற்றைச் சரியாக வாசிக்கவில்லை. இத்துவக்குகள் பிறந்த நாள் தொட்டே மாற்றப்பட்டு வந்தவை. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சக்கிமுக்கிக் கல்லால் பொறி தட்டும் துவக்குகள் பலவற்றை அதே கம்மியர்களே வெடிமூடி முறைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு கனவான் தனக்கெனச் செய்வித்த துவக்கு மகனின் கைக்கு வரும்போது, மகனின் தோளுக்கும் கன்னத்துக்கும் ஏற்ப அதன் பின்கட்டையை நீட்டுவதும் வளைப்பதும் வழமையான வேலை. உயரமான மகனுக்காக ஓர் அங்குலம் வாதுமைமரம் ஒட்டுவதை எவரும் குற்றமாகக் கருதவில்லை. பாவிப்பவனின் உடலுக்கு இசையாத துவக்கு, அளவெடுக்காமல் தைத்த சட்டை. 'தொடாதே' என்பது பாவிப்பவனின் அறம் அன்று, ஏலக்காரனின் அறம்.

இரண்டாவது கட்சியின் பிழை இதனிலும் பாரதூரமானது. மரம் வேறு, இரும்பு வேறு என்பதை அவர்கள் மறந்து விடுகிறார்கள். ஒட்டிய மரத்தைக் கழற்றலாம். கடைந்தெடுத்த இரும்பை எந்தக் கம்மியனாலும் திருப்பி வைக்க முடியாது. ஆகவே, என் கருத்தை ஒரு வரியில் சொல்வதானால் இதுதான்: முதலில் தோட்டாவை மாற்றுங்கள், அடுத்து மரத்தை மாற்றுங்கள், இரும்பைத் தொடுவது கடைசி வழியாக இருக்கட்டும், அதுவும் அளவுமானி வைத்துப் பார்த்த பின்னரே. இந்த வரிசையை மாற்றுவோர் துவக்கையும் இழப்பர். சிலவேளை விரல்களையும் இழப்பர்.

தோட்டாவை மாற்றுவது எப்படி? டபிள்யூ.டபிள்யூ. கிறீனர் என்ற பேர்மிங்ஹாம் துவக்குக் கைவினைஞரின் பெயரோடு ஒரு பழைய கணக்கு வழங்கி வருகிறது. துவக்கின் எடை, அது உமிழும் சன்னத்தின் எடையைப் போல் 96 மடங்கு இருக்க வேண்டும் என்பது அக்கணக்கு. ஆறு இறாத்தல் என்பது 96 அவுன்ஸ். எனவே ஆறு இறாத்தல் துவக்குக்கு ஓர் அவுன்ஸ் சன்னம், அதாவது 28 கிராம். இங்கிலாந்தின் பதிவுபெற்ற தட்டுப் போட்டிகளில் அனுமதிக்கப்படும் உச்ச அளவும் அதே 28 கிராம்தான். ஒலிம்பிக் போட்டிகளில் 24 கிராம். கடைகளில் 21 கிராம் தோட்டாவும் கிடைக்கிறது. ஆறரை இறாத்தல் துவக்கு ஒன்றில் 21 அல்லது 24 கிராம் தோட்டாவை இட்டுச் சுடுபவருக்கு உதைப்பு ஒரு பிரச்சினையே அன்று. உதைப்பைக் குறைப்பதாகச் சொல்லிக் குழலைக் கடைபவர்கள், பத்துப் பவுண் தோட்டாப் பெட்டியில் கிடைக்கும் விடையை இரும்பில் தேடுகிறார்கள்.

தோட்டாவின் நீளம் அதனினும் முக்கியமானது. பழைய பிரித்தானிய 12 துளைத் துவக்குகளில் பெரும்பாலானவற்றின் அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீற்றர். இன்று கடையில் முன்வரிசையில் இருப்பவை பெரும்பாலும் 70 மில்லிமீற்றர் தோட்டாக்கள். இந்த எண் வெடித்த பின் விரிந்த உறையின் நீளத்தைக் குறிப்பது. வாய் மடிக்கப்பட்டிருக்கும் புதிய தோட்டாவோ அதனிலும் குட்டையானது. அங்கேதான் ஆபத்து மறைந்திருக்கிறது. 70 மில்லிமீற்றர் தோட்டா குட்டை அறைக்குள் சிக்கலின்றி நுழைந்துவிடும், துவக்கும் மூடிக்கொள்ளும். வெடிக்கும்போது உறையின் மடிப்பு விரிந்து, குழல் ஒடுங்கத் தொடங்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும், அமுக்கம் ஏறும். அதைவிட, இன்றைய 12 துளைத் தோட்டா ஐரோப்பிய நியமப்படி 740 பார் அமுக்கம் வரை உண்டாக்கலாம். உயர்வகைத் தோட்டா 1,050 பார் வரை. நூறு வருடத்துக்கு முந்திய மெல்லிய குழலிடம் இதனைக் கேட்பது எழுபது வயது முதியவரிடம் மூட்டை தூக்கச் சொல்வது போன்றது. அவர் தூக்கியும் விடலாம். ஆனால் கேட்டிருக்கக் கூடாது. 65 மில்லிமீற்றர் அறைக்கென்றே செய்யப்படும் தாழ்ந்த அமுக்கத் தோட்டாக்கள் இன்றும் விற்பனையில் உள்ளன. அவற்றைத் தேடி வாங்கும் சிரமமே, அறையைக் கடைவதற்கான சிறந்த மாற்று.

அடுத்தது மரம். நீளம் போதாத பின்கட்டைக்கு, கயிற்றால் இறுக்கிக் கட்டும் தோலுறையொன்றே போதும். அது நீளத்தையும் கூட்டும், உதைப்பையும் உறிஞ்சும். நிரந்தரமாக வேண்டுமெனில் வாதுமை மரத் துண்டை நரம்போடு நரம்பு பொருத்தி ஒட்டலாம். கன்னம் சரியாகப் பொருந்தாவிட்டால், சூடான எண்ணெயைப் பிடியின் மீது ஊற்றி மரத்தை இளக்கி மெல்ல வளைக்கும் பழைய முறை உண்டு. கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை அது. அவசரப்பட்டால் மரம் பிளக்கும். சூடேறும் குழலுக்கு, இடதுகை பற்றும் இடத்தில் மாட்டும் தோல் காப்பு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு விசைகளை ஒற்றை விசையாக்க விரும்புவோருக்கு நான் சொல்வது: வேண்டாம். அருகிலிருக்கும் தட்டுக்கு அகன்ற குழல், தூரத்துத் தட்டுக்கு இறுகிய குழல் என்று கணப்பொழுதில் தெரிந்தெடுக்கும் வாய்ப்பை விரல் நுனியில் தரும் ஏற்பாடு அது. அதைப் பணம் கொடுத்து இழப்பானேன்?

இப்போது இரும்புக்கு வருவோம். இங்கே நான்கு விதமான வேலைகள் செய்யப்படுகின்றன. அவற்றை ஒன்றாகக் கட்டிப் பேசுவது தவறு.

குழல்வாயின் இறுக்கத்தைத் தளர்த்துவது முதலாவது. 'சோக்' எனப்படும் இந்த ஒடுக்கம் 12 துளைக் குழலில் முழு அளவில் அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்கு. அரை அளவில் 20. கால் அளவில் 10. பழைய வேட்டைத் துவக்குகளின் இடது குழல் பெரும்பாலும் இறுக்கமானது. அருகில் பறக்கும் தட்டுக்கு அது மிகையான இறுக்கம். தளர்த்துவது நியாயமான ஆசையே. ஆனால், கடைவதற்கு முன்னர் 40 யார் தூரத்தில் இரும்புத் தகடொன்றின் முன் சுட்டுப் பார்க்க வேண்டும். 30 அங்குல வட்டத்துக்குள் விழும் சன்னங்களை எண்ண வேண்டும். முழுச் சோக்குக்கு நூற்றுக்கு 70, அரைச் சோக்குக்கு 60 என்பது வாய்ப்பாடு. இன்றைய பிளாஸ்ரிக் கிண்ணத் தோட்டா சன்னங்களைக் கூட்டாகக் கொண்டு செல்வதால் வடிவம் இன்னும் இறுகும். நார்த் தக்கை வைத்த தோட்டாவுக்கு மாறினால் அதே குழல் சற்று அகலமாகச் சுடும். அரம் செய்ய இருந்த வேலையில் பாதியைத் தக்கையே செய்துவிடக்கூடும். அதன் பின்னும் தேவையெனில், சுவர்த் தடிப்பு இடங்கொடுத்தால், கைதேர்ந்தவரைக் கொண்டு சிறிது தளர்த்துவதை நான் ஒப்புக்கொள்வேன். இரும்பில் நான் ஒப்புக்கொள்ளும் வேலை இது ஒன்றே.

தோட்டா அறையை 70 மில்லிமீற்றருக்கு நீட்டுவதும், அதற்கு அப்பாலுள்ள ஒடுக்கத்தைச் சரிவாக்குவதும் இரண்டாவது. இவ்விரு வேலைகளும், அமுக்கம் மிக உயர்ந்து நிற்கும் இடத்திலேயே இரும்பைச் சுரண்டி எடுக்கின்றன. கிடைக்கும் பயனோ கடையில் மலிவான தோட்டா வாங்கும் வசதி மட்டுமே. மூன்றாவது, குழலுக்குள் உள்ள துருக்குழிகளைத் தேய்த்து மழமழப்பாக்குவது. ஒருவர் ஒரு முறை தேய்த்தால் பாதகமில்லை. ஆனால் நூறு வருடத்தில் ஐந்து உரிமையாளர்கள் ஐந்து முறை தேய்த்திருந்தால்? நான்காவது, வெளிப்பூச்சு. பழைய இரட்டைக் குழல்கள் நடுப்பட்டியோடு ஈயப்பற்றால் ஒட்டப்பட்டவை. மெதுவாகத் துருவேற்றித் துடைத்துக் கறுப்பாக்கும் மரபு முறையே அவற்றுக்குப் பொருந்தும். இன்றைய துவக்குகளுக்குச் செய்வது போலக் கொதிக்கும் காரத் தொட்டியில் தோய்த்தால், காரம் பற்றை அரித்துப் பட்டிகளின் அடியில் தங்கிவிடும். வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. குழல்களைக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் மூட்டால் தட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். மணி போல ஒலித்தால் நலம். ஓட்டைப் பானை போல ஒலித்தால் பட்டி கழன்றிருக்கிறது என்று பொருள்.

இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. பிரித்தானியாவின் துவக்குச் சட்டங்களில் நான் பெரிதும் மதிக்கும் பகுதியும் இதுவே. லண்டன் துவக்குக் கைவினைஞர் சங்கம் 1637 இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்ஹாமின் சோதனைச் சாலை 1813 இல் நாடாளுமன்றச் சட்டமொன்றினால் நிறுவப்பட்டு, இன்றும் பான்பரி வீதியில் இயங்கி வருகிறது. ஒவ்வொரு குழலிலும் வழமையை மீறிய வெடியை ஏற்றிச் சுட்டு, அது தாங்கினால் மட்டும் முத்திரை குத்துவது இவ்விரு சாலைகளின் பணி. முத்திரையோடு குழலின் உள்விட்டமும் பொறிக்கப்படுகிறது. ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எதுவோ அதுவே 12 துளை, அங்குலத்தில்.729. பழைய அங்குலக் கணக்கில், பொறித்த விட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரத்தில் பத்துப் பங்கு குழல் அகன்று விட்டால் அந்த முத்திரை செல்லாக்காசு. அது எவ்வளவு தெரியுமா? மூன்று நான்கு நாளிதழ்த் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்த தடிப்பு. முத்திரை செல்லாத துவக்கை வைத்திருப்பது குற்றமன்று. ஆனால் விற்பது குற்றம். அறையை நீட்டினாலும் மீண்டும் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சோதனையில் குழல் வெடித்தால் இழப்பு உரிமையாளருக்கே.

முத்திரை உயிரோடிருப்பது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். சுவர்த் தடிப்பு பற்றிச் சட்டம் பேசுவதில்லை. கம்மியர்கள் தமக்குள் வைத்திருக்கும் வரம்பு, மிக மெலிந்த இடத்தில் ஆயிரத்தில் 20 பங்கு; அதாவது அரை மில்லிமீற்றர். கையில் பிடிக்கும் இடதுகை விரல்களுக்கும் எரியும் வெடிமருந்துக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான். இதைக் கண்ணால் அளக்க முடியாது. அதற்கென உள்ள மானியால் மட்டுமே முடியும். துவக்கு வாங்கும்போது அதன் செதுக்கு வேலையைப் பார்த்து மயங்கும் நேரத்தில் பாதியை இந்த மானிக்குக் கொடுத்தால் விபத்துகள் குறையும்.

குழல் மீளமுடியாதபடி மெலிந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் ஒரு நேர்மையான வழியை அவர்கள் கண்டுபிடித்துள்ளனர். பழைய குழல்களின் பின்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, முன்பகுதியை வெட்டி நீக்கி, புதிய உருக்குக் குழாய்களைப் பொருத்துவது. மறுசோதனையில் தேறிய பின் அக்குழல்களில் அவ்வாறு பொருத்தப்பட்டவை என்ற வாசகம் பொறிக்கப்படும். பரிசுத்தவாதிகள் இதனைக் கண்டு மூக்கைச் சுளிக்கின்றனர், விலையும் குறைகிறது. எனக்கோ இது இந்த முழுக் கைத்தொழிலிலும் மிக நாணயமான மாற்றமாகத் தோன்றுகிறது. செய்ததை மறைக்கவில்லை, இரும்பின் மேலேயே எழுதி வைத்திருக்கிறது.

அமெரிக்காவை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கு இத்தகைய கட்டாய அரச சோதனை முறை கிடையாது. பார்க்கர், ஃபொக்ஸ், எல்.சி. ஸ்மித் போன்ற அருமையான இரட்டைக்குழல்கள் அங்கு பிறந்தன. அவற்றுள் பலவற்றின் அறையும் இன்றைய தோட்டாவை விடக் குட்டையானதே. அங்கே ஒருவர் தன் கொட்டகையில் அறையைக் கடைந்து, அடுத்தவருக்கு விற்றுவிடலாம். வாங்குபவரின் கண்ணைத் தவிர வேறு காவல் இல்லை. சுதந்திரம் பற்றி அமெரிக்க நண்பர்கள் சொல்வதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் துவக்கு ஒரு தலைமுறைக்கு மட்டும் உரிய பொருளன்று. இன்று கடைபவர் இறந்த பின்னும் அது கைமாறிக் கைமாறிப் போகும். யாருக்கென்றே தெரியாத ஒரு பேரன் அதை உயர்த்தும்போது, அந்தக் கொட்டகையில் நடந்தது என்னவென்று அவனுக்கு யார் சொல்வார்? முத்திரை என்பது, இறந்தவர் பிறக்காதவருக்கு எழுதி வைக்கும் எச்சரிக்கை.

இனி, தொடக்கத்தில் சொன்ன ஈயத் தடைக்குத் திரும்புவோம். ஈயத்துக்கு மாற்றாக மலிவாகக் கிடைப்பது உருக்குச் சன்னம். ஈயத்தின் அடர்த்தி 11.3, உருக்கின் அடர்த்தி 7.9 அளவு. ஆனால் ஆபத்து அடர்த்தியில் இல்லை, கடினத்தில் இருக்கிறது. ஈயம் ஒடுக்கத்தில் நசுங்கிக் கொடுக்கும். உருக்கு நசுங்காது, இறுகிய பழைய குழல்வாயை உள்ளிருந்து வெளியே வளையமாகப் புடைக்கச் செய்யக் கூடும். ஆகவேதான் நியம வகை உருக்குத் தோட்டாவுக்கே, நைட்ரோ சோதனை பெற்றதும் அறைநீளம் பொருந்துவதும் அரைச் சோக்குக்கு மேற்படாததுமான குழலைப் பரிந்துரைக்கின்றனர். உயர்வகை உருக்குத் தோட்டாவுக்கோ லில்லி மலர் முத்திரை பெற்ற துவக்கே தேவை. பழைய துவக்குக்கு ஏற்ற மென்மையான மாற்று பிஸ்மத். அதன் அடர்த்தி 9.8 அளவு. ஆனால் அதன் விலை, ஒரு காலையில் நூறு தோட்டா தீர்க்கும் தட்டுச் சுடுநருக்குக் கட்டுப்படியாகாது.

இதன் விளைவு என்ன? அடுத்த சில வருடங்களில் அரங்கள் சுறுசுறுப்பாகும் என்று நான் அஞ்சுகிறேன். 'உருக்குக்கு ஏற்றதாக்கித் தருகிறோம்' என்ற விளம்பரத்தை நம்பி, குழல்வாயையும் அறையையும் ஒருசேரக் கடையக் கொடுப்போர் பெருகுவர். சாதாரண பேர்மிங்ஹாம் துவக்கொன்று இன்று ஏலத்தில் சில நூறு பவுண்களுக்குப் போய்விடுகிறது. 'மலிந்த சாமான்தானே, கெட்டால் கெடட்டும்' என்ற எண்ணம் எளிதில் வரும். ஆனால் மெலிந்த குழலுக்குத் தன் ஏலவிலை தெரியாது. அது வெடிக்கும்போது விலையுயர்ந்த துவக்கைப் போலவே வெடிக்கும்.

'என் பணம், என் துவக்கு, என் விருப்பம்' என்போருக்கு ஒரு வார்த்தை. உரிமை உங்களுடையதே. ஆனால் தன் பெயரைக்கூடக் குழலில் பொறிக்காமல், சில்லிங் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு, அரை மில்லிமீற்றர் சுவரைக் கண்ணாலும் கையாலும் நேராக்கிய பேர்மிங்ஹாம் தொழிலாளி ஒருவன் இருந்தான். கடையின் பெயர் துவக்கில் இருக்கிறது. அவனுடைய பெயர் எங்கும் இல்லை. அவன் விட்டுச்சென்ற ஒரே கையெழுத்து அந்தச் சுவரின் தடிப்புத்தான். பத்திரிகைக் காரியாலயத்தில் பிரதி திருத்தியவர்களுக்கு இது விளங்கும். சேர்த்த சொல்லை அடித்துவிடலாம். மூலப்பிரதி எரிந்த பின், வெட்டிய வரியை எங்கே தேடுவது?

எனவே பழைய துவக்கை எடுத்துச் சுடுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அடைப்பது அதற்குச் செய்யும் மரியாதை அன்று. பொறி இயங்கவே பிறந்தது. 21 கிராம் தோட்டாவை வாங்குங்கள். பின்கட்டைக்குத் தோலுறை மாட்டுங்கள். ஈயம் நின்றுபோன பின், வருடத்தில் பத்து நாள் சுட்ட துவக்கை இரண்டு நாள் பிஸ்மத்தோடு சுடுங்கள். மற்றைய எட்டு நாளுக்கு உருக்குக்கென்றே செய்த புதிய துவக்கொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.  கம்மியர் ஒருவர் அரத்தைக் கையில் எடுத்தால், முதலில் அளவுமானியை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறுப்பவரிடமிருந்து துவக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.